கோச் வீட்டுக் கட்டில்

மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிய கடைசி செட்டு நாம்தான். ஆகவே செங்கல்பட்டில் காலேஜ் கிரவுண்டுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையைப் பற்றி உங்களிடம் நீட்டி முழக்க வேண்டியதில்லை. பஞ்சர் பார்க்கும் தொட்டி, அதில் எப்போதும் கறுப்பாகவே கிடக்கும் தண்ணீர், சொல்யூஷன் வாசனை, காலால் மிதிக்கும் பெரிய பம்பு. இப்போது அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. போன மாதம் அங்கேதான் என் போனுக்குக் கண்ணாடி மாற்றினேன்.

அந்தப் பம்பில்தான் எல்லாமே ஆரம்பித்தது. காலேஜ் பம்பு எப்போதோ உடைந்துபோய்விட்டதால், மேட்ச் நாளில் கால்பந்துக்குக் காற்றடிக்க அந்தக் கடைக்கு வருவார்கள். கடைக்காரர் நாலு மிதி மிதித்து, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, "ம், போலாம்" என்பார். அதனால் அங்கே சாயங்காலம் கூடுகிறவர்களுக்கு ஒரு எண்ணம். பந்து தங்களுடையது, டீம் தங்களுடையது, கோச்சும் தங்களுடையவர். இத்தனைக்கும் அவர்களில் ஒருவரும் அந்தக் காலேஜில் படித்தவர் இல்லை. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த என் அப்பா உட்பட.

நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். "உங்கப்பாவ காபிக்குக் கூப்பிடு" என்று அம்மா அனுப்புவாள். போய்க் கூப்பிடுவேன். "தோ வரேன்" என்பார். அந்த 'தோ' எவ்வளவு நீளம் என்று உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். நான் வாடகை சைக்கிள் ஒன்றின் கேரியரில் உட்கார்ந்து, அத்தனை பேச்சையும் கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அப்புறம் ஒரே பேச்சுதான். கோச் இருக்கணுமா, போகணுமா.

கோச் மாமா எங்கள் தெருவில்தான், ரெண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஒரு காலத்தில் மெட்ராஸில் லீக் ஆடியவர். காலேஜுக்கு வந்த முதல் வருஷமே ஒரு கப் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கப்பை லாரியில் வைத்து ஊரைச் சுற்றிய அன்று சைக்கிள் கடைக்காரர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாராம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. தோல்வி, டிரா, தோல்வி.

"பந்த கீழயே உருட்டிகினு கீறானுங்க சார். இன்னா கோலி ஆட்டமா இது? தூக்கி அட்ச்சா இன்னா?" கடைக்காரர் ரிம்மை சுழற்றிக்கொண்டே கேட்பார்.

"யோவ், தூக்கி அடிச்சா பந்து எதிராளி தலைக்குப் போகும். கீழ ஆடினா நம்ம கால்ல இருக்கும்." இது அப்பா.

"கால்ல இருந்து? அத வூட்டுக்கு எத்துகினு போறதா? கோல் போட வேணாமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிடும். பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த அண்ணன் ஜெர்சியின் மேல் பழி போடுவார். மெரூன் கலர் இருந்தவரைக்கும் ஜெயித்தார்களாம், மஞ்சளுக்கு மாற்றியதுதான் வினையாம். யாரோ ஒருவர் தெற்குப் பக்கத்து கோல்போஸ்டில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். அந்தப் போஸ்டில்தான் அடுத்த மேட்சில் நாம் மூன்று கோல் வாங்கினோம். அதற்கும் கோச்தான் காரணம் என்றார்கள்.

கடலை விஷயம் தனி. மேட்ச் நடக்கும்போது கோச் மாமா கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, செய்யூர் வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டிருப்பார். கத்தமாட்டார். எழுந்து நிற்கவும் மாட்டார். டீம் கோல் வாங்கினாலும் தோலை ஊதிவிட்டு அடுத்த கடலையை எடுப்பார்.

"இங்க நமக்கு வயிறு எரியுது, அந்தாளு ஜாலியா வேர்க்கல்ல துன்னுகினு கீறாரு. அக்கற கீதா பாத்தியா சார்?"

அப்பாவுக்கு அதற்கு மட்டும் பதில் தெரியாது. எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் அம்மா சொல்லித் தெரிந்தது. வந்த புதிதில் அவர் ஒரு மேட்சில் ஒரு பையனைப் பேர் சொல்லித் திட்டிவிட்டார். அந்தப் பையன் கிரவுண்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். அன்றிலிருந்து வாயில் எதையாவது போட்டுக்கொண்டால்தான் அடக்க முடிந்ததாம். கத்துகிற மனுஷன்தான், கடலையால் அடைத்து வைத்திருந்தார். இதைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். கடையில் அதைக் கேட்க ஆள் இல்லை.

ஒரு சனிக்கிழமை கோச் மாமா அப்பாவையும் என்னையும் சதுரங்கப்பட்டினத்துக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவிக்கு, நான் அத்தை என்று கூப்பிட்டவருக்கு, அதுதான் பிறந்த ஊர். டீம் பையன்களைக் கடற்கரையில் ஓடவிட அங்கேதான் அழைத்துப்போவார். ஊரில் இதற்குப் பெயர் 'மீன் துன்ன போறது.'

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கருவாட்டு வாசனை. பழைய டச்சுக் கோட்டைச் சுவர் ஓரமாகப் போனால் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கடல். பையன்கள் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மணலில் ஓடினார்கள். அப்புறம் ஈர மணலில், அலை வந்து போகும் இடத்திலேயே, ரெண்டு ரெண்டு பேராக நின்று பந்தைத் தட்டிக்கொண்டார்கள். பந்தை லேசாகத் தூக்கினாலும் காற்று பிடுங்கிக் கடலுக்குக் கொடுத்துவிடும். கீழே உருட்டினால்தான் எதிரே இருப்பவனுக்குப் போய்ச் சேரும். "இங்க வந்து பாத்தா அந்தச் சைக்கிள் கடைக்காரனுக்குப் புரியும்" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

மத்தியானம் வஞ்சிரக் குழம்பு. சாப்பிட்டுவிட்டு அப்பாவும் கோச் மாமாவும் கரையில் நடந்தார்கள். நான் சோழி பொறுக்கிக்கொண்டே பின்னால் போனேன்.

"இந்த வருஷம் செமி ஃபைனல், கடைசி நாலு டீம்ல வந்துட்டோம்னா பர்மனென்ட் பண்றேன்னு பிரின்சிபால் சொல்லியிருக்காரு சார்" என்றார் கோச் மாமா. "இதுவரைக்கும் தொகுப்பூதியம்தான். எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்."

"வரலைன்னா?"

"மாமனாருக்கு ஐஸ் டிப்போ இருக்குது. மீன் பெட்டிக்கு ஐஸ் உடைக்கறது. வா வான்னு கூப்பிட்டுகினேதான் கீறாரு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "எனக்கு ஃபுட்பால் ஆடறது தவிர ஒண்ணும் தெரியாது சார்" என்றார்.

அப்பா அவர் முதுகில் தட்டினார். அன்றிலிருந்து அப்பா அவருக்காக உயிரை விடத் தயாராக இருந்தார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதையெல்லாம் செய்தவர் அப்பாதான்.

மழை நின்ற சமயம். எப்படியோ தட்டுத் தடுமாறி வந்ததில் லீகில் இன்னும் ஒரே ஒரு மேட்ச் பாக்கி, நம் கிரவுண்டிலேயே, ஞாயிற்றுக்கிழமை. ஜெயித்தால் கடைசி நாலில் ஒன்று. அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள் காலையில் கோச் வீட்டு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பின்பக்கம் கட்டில் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அத்தை முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கோச் மாமா வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஏறினார். லாரி போய்விட்டது.

சைக்கிள் கடையில் அன்று பஞ்சர் பார்க்கவே இல்லை.

"வூட்ட காலி பண்ணிகினு பூட்டாரு சார்! என் கண்ணால பாத்தேன். கட்டிலே பூட்ச்சு!"

பூத் அண்ணன் தன் பங்குக்கு ஒன்று போட்டார். முந்தின நாள் கோச் அங்கேதான் வந்து போன் பேசினாராம். "'சாமான் ஏத்தறோம், காலைல வந்துடுவோம், யார்கிட்டயும் மூச்சு வுடாத'ன்னு சொன்னாருபா. எங்கிட்ட இன்னா மறைக்கறது? கண்ணாடிக் கதவுதானே அது?"

ஆகவே முடிவாயிற்று. காலேஜ் அவரைக் கழற்றிவிட்டது, அவர் மானஸ்தர், சத்தம் போடாமல் குடும்பத்தைக் கொண்டுவிடப் போயிருக்கிறார், கடைசி மேட்சுக்கு மட்டும் வந்து நின்றுவிட்டுப் போய்விடுவார். அவர் போகணும் என்று மாசக்கணக்காகக் கத்திய சைக்கிள் கடைக்காரரே கையிலிருந்த ரிம்மைக் கீழே வைத்துவிட்டார். "இப்டி திடுதிப்புனு போவாருன்னு நெனைக்கல" என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்தபோது கண் கலங்கியிருந்தது. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோச் போயிட்டாரு" என்றார்.

"அவங்க எங்கயும் போகல."

"கட்டிலே போயிடுச்சு. உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அதான் எப்படின்னு கேக்கறேன்."

அம்மா அடுத்த மீனை எடுத்துக் கழுவினாள். அதை அவளால் சொல்ல முடியாது. அத்தையின் தங்கைக்கு மாமியாரோடு ஒத்துவரவில்லை, சதுரங்கப்பட்டினத்திலேயே தனிக்குடித்தனம் போகிறாள். அவளுக்குத்தான் கோச் வீட்டுக் கட்டிலும் பீரோவும் போயின. அக்கா வீட்டுப் பழைய சாமான் என்று தெரிந்தால் அந்த மாமியார் தெருவில் நின்று பேசுவாள் என்பதால் எல்லாமே மூடுமந்திரம். அத்தை எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நின்று அம்மாவின் கையைப் பிடித்து, "அக்கா, யாருக்கும் சொல்லாதீங்க" என்று வாங்கிக்கொண்ட சத்தியம் அது. அம்மா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று அப்பா காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் வேண்டாம் என்று ஆயிரம் பேசலாம், ஆனால் போகிறார் என்றால் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. மாலை, பொன்னாடை, கண்ணாடி போட்ட வாழ்த்து மடல், மைக் செட். இதெல்லாம் இல்லாமல் ஒரு தாசில்தார்கூட இந்த ஊரை விட்டுப் போனதில்லை. அப்பா கோர்ட்டிலேயே உட்கார்ந்து வாழ்த்து மடல் எழுதினார். வீட்டில் எங்களுக்குப் படித்துக் காட்டினார். "கால்பந்துக் கடலின் கலங்கரை விளக்கமே! எங்களை விட்டு எங்கே செல்கிறாய்?" அந்த இடத்தில் தடுமாறி, நிறுத்தி, மறுபடி படித்தார். நான் அழுதேன். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அப்பா பக்கம் பொன்னாடை என்று தெரிந்ததும் சைக்கிள் கடைப் பக்கம் ஆள் உயர மாலைக்குச் சொல்லிவிட்டார்கள். "நாங்க தொரத்துனோம்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது பாரு." யார் பெரிதாக அனுப்பி வைப்பது என்று போட்டியாகிவிட்டது. சுவரெல்லாம் போஸ்டர்.

தட்டில் பழம் வெற்றிலை வைத்துக்கொண்டு பிரின்சிபாலைத் தலைமை தாங்க அழைக்கவும் போனார்கள். "கோச்சுக்குப் பிரிவு உபசாரம் சார்" என்றதும் பிரின்சிபால் ஒரு நொடி விழித்தாராம். தன் காலேஜில் தனக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது என்று எந்தப் பிரின்சிபால் ஒப்புக்கொள்வார்? "ஆமாமா, சிறப்பா செய்யுங்க" என்று சொல்லிவிட்டார். அப்பாவோடு போனவர்கள் அதைக் கேட்டதும் தங்கள் சந்தேகமே தீர்ந்துவிட்டது என்று திரும்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோச் மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி, அத்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தோளில் கிட் பேக்கோடு நேராகக் கிரவுண்டுக்கு வந்தார். வாசலிலேயே அவர் பேர் போட்டுப் பிரிவு உபசாரப் பேனர். அதை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு மறுபடி மேலிருந்து படித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு கடலையை எடுத்தார், உரிக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார். அதற்குள் மேளம் வந்து சூழ்ந்துகொண்டது.

மேடையில் மாலை விழுந்தது. அதன் மேல் பொன்னாடை. அப்பா வாழ்த்து மடலைப் படித்து, கலங்கரை விளக்கத்தில் மறுபடி தடுமாறினார். கூட்டம் கைதட்டியது. பிரின்சிபால் மைக்கைப் பிடித்தார்.

"இவர் போகப்போகிறார் என்று என்னிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் விட்டே இருக்கமாட்டேன்."

அத்தனையும் உண்மை. கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் சொன்னார். ஆனால் மேடையில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று கூட்டம் கைதட்டியது. கோச் மாமாவும் கைகூப்பினார். பிரின்சிபாலே தன்னை இப்படிக் கௌரவமாக அனுப்பி வைக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது.

அப்புறம் மேட்ச். கோச் மாமா மாலையைக் கழற்றி பக்கெட் மேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே பார்த்தார். அந்தப் பையன் அழுத நாளுக்கு அப்புறம் முதல் தடவையாகக் கத்தினார். வாயில் கடலை இல்லை, இனி அடக்குவதற்கும் ஒன்றுமில்லை என்று நினைத்தாரோ என்னவோ. பையன்கள் அவர் குரலைக் கேட்டு மிரண்டு, பிறகு வெறி வந்து ஆடினார்கள். பந்து தரையை விட்டு எழவே இல்லை. ஒருத்தன் காலிலிருந்து ஒருத்தன் காலுக்கு, அங்கிருந்து கோலுக்கு. நாலு கோல். கிரவுண்டே இரண்டுபட்டது. சைக்கிள் கடைக்காரர் தலையிலிருந்த துண்டைப் பிடுங்கி மேலே எறிந்து, "இதான்யா ஆட்டம்! கீழ ஆடணும்டா, கீழ!" என்று யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா வீட்டுக்கு வந்து, "எப்படி அனுப்பி வெச்சோம் பாத்தியா?" என்றார்.

"அவங்க எங்க போறதா இருந்தாங்க, நீங்க அனுப்பி வெக்க?" என்றாள் அம்மா. போஸ்டரைப் பார்த்தபோது அவளுக்கு வந்த கோபம் அத்தனை நாளாக உள்ளேயே இருந்தது. இப்போது சத்தியத்தையும் தள்ளி வைத்துவிட்டு, கட்டில் கதையை முழுக்கச் சொன்னாள்.

அப்பா சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். "முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டார்.

"போகலைன்னு சொன்னேனே. அது போதாதா?"

விடிந்ததும் அப்பா கோச் வீட்டுக்குப் போனார். நானும் கூடவே போனேன். வாழ்த்து மடலை அதற்குள் கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள்.

"உக்காருங்க சார்" என்றார் கோச் மாமா. "நேத்தே பிரின்சிபால் கைல ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன்."

"எதுக்கு இவ்ளோ அவசரம்? அதான் ஜெயிச்சு கடைசி நாலுல வந்துட்டோமே."

"அவ்ளோ பேரு கூடி மரியாத பண்ணி அனுப்பி வெக்கறாங்க. அதுக்கு மேல நான் எழுதிக் குடுக்காம ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" பிறகு மடலைப் பார்த்தார். "எனக்கு வாழ்க்கைல இப்டி யாரும் எழுதினதில்ல சார். நைட்டு பூரா இவ இதையே படிச்சுகினு இருந்தா."

அப்பா வாயைத் திறந்தார். அத்தை காபி கொண்டுவந்தார். அப்பா காபியைக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, "அப்ப வரேன்" என்று எழுந்தார். வீடு வரைக்கும் அவர் என் கையை விடவில்லை. அவர்மேல் எனக்கு அன்று பாவமாக இருந்தது. இப்போது நினைத்தால் கோபம் வருகிறது. அந்தக் காபிக்கு முன்னால் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த வாரக் கடைசியிலேயே லாரி மறுபடி வந்தது. இந்தத் தடவை ஊரே சாமான் ஏற்றியது. சைக்கிள் கடைக்காரர் மேலே ஏறி நின்று வாங்கி வாங்கி அடுக்கினார். அடுப்பு, மாவரைக்கும் கல், துணி மூட்டை, நாற்காலி, துண்டில் சுற்றிய வாழ்த்து மடல். அப்பா கீழே நின்று கயிறு போட்டார்.

"இன்னா அண்ணாத்த, கட்டில காணம்?" என்றார் கடைக்காரர்.

"கட்டிலா? அது அன்னிக்கே சதுரங்கப்பட்டினம் பூட்ச்சே. மச்சினிச்சி தனிக்குடித்தனம் வெச்சா, அவளுக்குக் குடுத்துட்டோம். அவ மாமியாருக்குத் தெரியக்கூடாதுன்னு யாருக்கும் சொல்லல."

கடைக்காரர் கையில் கயிற்றோடு அப்படியே நின்றார். குனிந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா ஏற்கெனவே போட்ட முடிச்சை இன்னொரு தடவை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா சார், கேக்கணும்னே நெனச்சேன்" என்றார் கோச் மாமா, அப்பாவிடம். "நான் போகப்போறேன்னு எனக்கு முன்னாடியே உங்களுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுது? பிரின்சிபாலா சொன்னாரு?"

அப்பா குனிந்து மிச்சக் கயிற்றைச் சுருட்டினார். சைக்கிள் கடைக்காரர்தான் மேலேயிருந்து குதித்து, பலகையைத் தூக்கிச் சாத்தி, "ஏறு அண்ணாத்த, ஏறு. மழ வர மாரி கீது" என்றார்.

கோச் மாமா வானத்தைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். அன்று நல்ல வெயில்.